கரை தெரிந்தும் இறங்க முடியாத கப்பல்



கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. கரையில் விளக்குகள் தெரிகின்றன. ஆள் நடமாட்டம்கூடத் தெரிகிறது. ஆனால் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு. எத்தனை நாளைக்கு என்று சொல்வாரும் இல்லை. இப்படிக் கப்பலிலேயே மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நான் இருப்பது யோங் பெங். ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இங்கே கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும்தான். வடக்கேயும் தெற்கேயும் போகிற பஸ்கள் நின்று, பிரயாணிகள் பசியாறிவிட்டுப் போகிற ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். 'கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி என்ன பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது, நேயர்களே. நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன் பாட்டி, அல்லது அவர்களுடைய பெற்றோர், இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர்கள். கரையைப் பார்த்துக்கொண்டே இறங்க முடியாமல் காத்துக் கிடந்த அனுபவம் நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்று உல்லாசக் கப்பல் வேலை என்று ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வேலைக்குப் போகிற பிள்ளையும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில இருக்கின்றன.

முதலில், ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் எப்படி நுழைகிறது என்று பார்ப்போம். தோட்டத்துக்குள் வரும் லாரி கேட்டில் நின்று சீட்டைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வரும், இல்லையா? அதைப்போலவே கப்பலும் நேரே கரைக்கு வந்து ஒட்டிவிட முடியாது.  கப்பலில் யாருக்காவது காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, யாராவது இறந்தார்களா என்ற விவரத்தைத் துறைமுகத்தின் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் சம்மதித்த பிறகுதான் ஆட்கள் இறங்கலாம், சரக்கு இறக்கலாம்.

இதற்கு ஓர் அடையாளமும் உண்டு. அது மஞ்சள் கொடி. மஞ்சள் கொடி பறந்தால் அந்தக் கப்பலில் நோய் இருக்கிறது, கிட்டே போகாதே என்று அந்தக் காலத்தில் பொருள். இன்றைய கப்பல் சட்டத்தில் அதே மஞ்சள் கொடிக்குப் பொருள் மாறிவிட்டது. 'என் கப்பல் நலமாக இருக்கிறது, உள்ளே வர அனுமதி கொடுங்கள்' என்று கேட்பதற்குத்தான் இப்போது அந்தக் கொடியை ஏற்றுகிறார்கள்.

கப்பலை நிறுத்தி வைக்கும் இந்த வழக்கம் எப்போது தொடங்கியது? ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவி லட்சக்கணக்கான மக்கள் மாண்ட காலத்தில் தொடங்கியது. 1377-ஆம் ஆண்டில், இன்று குரோஷியா நாட்டில் துப்ரோவ்னிக் என்று வழங்கும் துறைமுக நகரம் ஒரு சட்டம் போட்டது. நோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் ஒதுங்கியிருந்த பிறகே நகருக்குள் வரலாம் என்பது அந்தச் சட்டம். பின்னர் அந்த 30 நாள் 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் 'குவாரந்தா' என்பார்கள். நாம் இன்று குவாரன்டைன் என்று சொல்கிறோமே, அந்தச் சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

ஒதுக்கி வைப்பதில் பொருள் இருக்கிறது. ஒரு கிருமி உடம்புக்குள் போன உடனே நோய் வெளியே தெரிவதில்லை. காலராவென்றால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் தெரியும். பெரியம்மைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அந்த நாட்கள் கழியும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது தெரிந்துவிடும். லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் வேப்பிலை செருகி, மற்றப் பிள்ளைகளை அந்த வீட்டுப் பக்கம் விடாமல் வைப்போமே, அதுவும் இதைச் சேர்ந்ததுதான். ஆகவே கப்பலை நிறுத்துவது தவறு என்று நாம் சொல்லிவிட முடியாது. நிறுத்தி வைக்கப்பட்ட மனிதர்களை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் முன்னோர்களின் கதைக்கு வருவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் வங்கக் கடலைக் கடந்து பினாங்குக்கு வந்தார்கள். அங்கிருந்து, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் கங்காணிமார் மூலமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்டதோடு அதுவும் நின்றது.

ரஜூலா என்ற கப்பலின் பெயரைக் கேட்காத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். 1926-இல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. 1970-களின் தொடக்கம்வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதில் முதல் வகுப்பு அறைகள் கொஞ்சம்தான். நம்மவர்கள் பயணம் செய்தது தளத்தில். பாய் விரித்த இடமே வீடு, தகரப் பெட்டியே சுவர். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கப்பலில். ஏறக்குறைய ஒரு வாரம் அலையில் ஆடி, வாந்தி எடுத்து, களைத்துப்போய், பினாங்கு மலையைக் கண்டதும் 'அப்பாடா, வந்துவிட்டோம்' என்று மூட்டையைக் கட்டுவார்கள்.

ஆனால் பல பேருக்கு அங்கே இறங்க முடிவதில்லை. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஜெரஜாக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கேதான் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. கப்பலிலிருந்து ஆட்களைப் படகில் இறக்கி அங்கே கொண்டுபோவார்கள். துணிமணிகளை மருந்து போட்டுப் புகைப்பார்கள். அம்மை குத்துவார்கள். கப்பலில் யாருக்காவது காலராவோ பெரியம்மையோ கண்டிருந்தால் நாள் கணக்கு நீளும். சிங்கப்பூருக்கு வந்தவர்களுக்கும் அதே கதைதான். அங்கே செயின்ட் ஜான்ஸ் தீவு. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. அதை ஒட்டி 1874-இல் அந்தத் தீவில் முகாம் திறந்தார்கள். ஜொகூர் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களில் சிங்கப்பூர் வழியாக வந்தவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, நேயர்களே. முதல் வகுப்பில் வந்தவரைச் சோதித்துவிட்டு நேரே ஊருக்குள் விடுவதும், தளத்தில் வந்தவரைத் தீவுக்கு அனுப்புவதும் நடந்தது. கிருமிக்கு முதல் வகுப்பு, தள வகுப்பு என்று தெரியுமா? தெரியாது. ஒரே கப்பலில்தான் எல்லாரும் வந்தார்கள். ஆனாலும் நெருக்கமாகப் படுத்துக் கிடந்தவர்களிடம் நோய் எளிதில் பரவியது. அப்படி நெருக்கமாகக் கிடந்தது அவர்கள் விரும்பிச் செய்ததல்ல. டிக்கெட்டின் விலை அப்படி. ஏழையின் நெருக்கத்தால் நோய் வந்தது. அந்த நோய்க்காக ஏழையையே ஒதுக்கியும் வைத்தார்கள்.

ஜெரஜாக் தீவின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு இருந்தது. 1969 முதல் 1993 வரை அது சிறைத் தீவாக இருந்தது. பின்னர் உல்லாசத் தங்கும் விடுதிகூட அங்கே வந்தது. ஒரு காலத்தில் கண்ணீரோடு காத்துக் கிடந்த கரையில் பின்னாளில் காசு கொடுத்துத் தங்க ஆட்கள் வந்தார்கள். இடம் ஒன்றுதான். போகிறவர் தாமாகப் போகிறாரா, பிறர் கொண்டுபோய் விடுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நோய்க்காகக் கப்பலை நிறுத்துவது ஒன்று. நோயே இல்லாமல், ஆளின் நிறத்தைப் பார்த்துக் கப்பலை நிறுத்தியதும் உண்டு. அதற்குக் கொமகட்டா மாரு கப்பலின் கதையே போதும். 1914-ஆம் ஆண்டில், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்துவந்த குர்தித் சிங் என்பவர் ஒரு ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். 376 இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர்கள், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பான் ஆகிய இடங்களில் அதில் ஏறிக் கனடாவுக்குப் போனார்கள். கனடா அப்போது ஒரு சூழ்ச்சியான விதியை வைத்திருந்தது. சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் நேராக வருகிறவர்களே நாட்டுக்குள் வரலாம் என்பது அந்த விதி. இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகக் கப்பல் வசதி கிடையாது. வேலியைக் கட்டிவிட்டு, கதவு வழியாக வா என்று சொன்ன கதைதான்.

மே மாதம் 23-ஆம் தேதி கப்பல் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. ஏற்கெனவே கனடாவில் குடியிருந்து திரும்பியவர்கள் முதலான இருபத்துச் சொச்சம் பேரை மட்டுமே இறங்க விட்டார்கள். மற்றவர்கள் இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். சாப்பாடு குறைந்தது, தண்ணீர் குறைந்தது. கரையில் இருந்த இந்தியர்கள் பணம் திரட்டிக் கப்பல் வாடகை கட்டினார்கள், வழக்காடினார்கள். பலிக்கவில்லை. ஜூலை 23-இல் ஒரு போர்க்கப்பலின் காவலோடு அதைத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ் என்ற இடத்தில் இறங்கியபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் அரசாங்கம் அவர்களைக் கலகக்காரர்களாகப் பார்த்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏறக்குறைய இருபது பயணிகள் உயிரிழந்தார்கள். 102 ஆண்டுகள் கழித்து, 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், கனடாவின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் அதைக் கேட்க அந்தக் கப்பலில் இருந்தவர்கள் இல்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது உலகத்தின் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கெல்லாம் இந்தக் கதி வந்தது. லட்சக்கணக்கில் பணம் கட்டி, நாளொரு துறைமுகம் பார்க்கலாம் என்று புறப்பட்டவர்கள், நம் பாட்டன்மார் நின்ற இடத்திலே வந்து நின்றார்கள்.

டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பல் பிப்ரவரி 3-ஆம் தேதி ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்துக்குத் திரும்பியது. அதில் 3,711 பேர். ஹாங்காங்கில் இறங்கிப் போன ஒரு பயணிக்கு நோய் இருந்தது பின்னால் தெரியவந்தது. அதனால் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவிட்டு, பிப்ரவரி 19-ஆம் தேதிவரை கப்பலிலேயே வைத்தார்கள். மொத்தம் 712 பேருக்கு நோய் தொற்றியது.

பயணிகளை அவரவர் அறையில் அடைத்தார்கள். 'அப்படியென்றால் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தது யார்?' என்று வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. கப்பலின் ஊழியர்கள்தாம் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள், துணி துவைத்தார்கள். அவர்களுக்குத் தனியறை கிடையாது. ஓர் அறையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று கீழ்த்தட்டில் தங்கினார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊழியர்களில் முதலில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். மேல்தட்டைக் காப்பாற்றக் கீழ்த்தட்டு வேலை செய்தது. கீழ்த்தட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு பிந்தியே வந்தது.

அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் 132 பேர் ஊழியர்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. எங்களையும் சோதித்துப் பாருங்கள், எங்களைத் தனியே பிரித்து வையுங்கள் என்று கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். பிப்ரவரி மாதக் கடைசியில் இந்திய அரசாங்கம் விமானம் அனுப்பி 119 இந்தியர்களை அழைத்துக்கொண்டது.

அதே பிப்ரவரியில் வெஸ்டர்டாம் என்ற கப்பல். அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோய் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் பிலிப்பீன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டன. கடைசியில் கம்போடியா இடம் கொடுத்தது. பிப்ரவரி 13-இல் சிஹானூக்வில் துறைமுகத்துக்கு அது வந்தது. ஜப்பானின் அழகைப் பார்க்கப் புறப்பட்டவர்களுக்கு அந்தச் சிறிய துறைமுகம் ஏமாற்றமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் தரையில் கால் வைத்தவர்களின் சந்தோஷத்தைச் செய்திப் படங்களில் பார்த்தோம். பெரிய துறைமுகங்கள் மறுத்த இடத்தைச் சிறிய துறைமுகம் கொடுத்தது.

அந்தக் கப்பலிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் வந்த ஓர் அமெரிக்க மூதாட்டிக்கு இங்கே எடுத்த சோதனையில் நோய் இருப்பதாகத் தெரிந்தது. ஊரெல்லாம் பீதி. பின்னால் எடுத்த சோதனைகளில் இல்லை என்று வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கரையில் இருக்கிறவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. பயப்படுகிறவரை இரக்கமற்றவர் என்று சொல்லிவிடக் கூடாது.

நம் நாடும் கப்பலைத் திருப்பி அனுப்பியது. 2020 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோஸ்டா போர்ச்சுனா என்ற இத்தாலியக் கப்பலைத் தாய்லாந்தின் பூக்கெட் தீவு ஏற்க மறுத்தது. பினாங்கும் மறுத்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல் அது. சிங்கப்பூரே திரும்ப ஏற்றுக்கொண்டு, பயணிகளைச் சோதித்து மார்ச் 10-இல் இறக்கியது. நம் நாட்டில் நோய் பரவத் தொடங்கியிருந்த நேரம் அது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையே வந்துவிட்டது. சொந்த மக்களைக் காக்க வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இருக்கிறது. ஆனாலும், பாட்டன்மாரை ஜெரஜாக் தீவில் நிறுத்திய அதே பினாங்குக் கடலிலிருந்து இன்னொரு கப்பல் திரும்பிப் போனதை நினைக்கும்போது, இரு பக்கமும் யோசிக்க வேண்டியவர்கள் நாம்.

உலக நாடுகள் சேர்ந்து இதற்கு விதி செய்திருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சர்வதேசச் சுகாதார விதிகள் அவை. சுகாதாரக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்துக்கே வரவிடாமல் தடுப்பது பொதுவாகக் கூடாது. அந்தத் துறைமுகத்தில் சோதிக்க வசதி இல்லையென்றால், வசதியுள்ள பக்கத்துத் துறைமுகத்துக்கு அனுப்பலாம். நோய் சந்தேகம் இருந்தாலும், எரிபொருள், தண்ணீர், உணவு, மற்றச் சாமான்கள் ஏற்றிக்கொள்வதைத் தடுக்கக் கூடாது. விதி இப்படி இருக்கிறது. 2020-இல் பயம் வந்தபோது பல நாடுகள் விதியை மறந்தன.

எல்லாக் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கப்பலை நிறுத்துகிறவர் அதில் உள்ளவர்களுக்கு நான்கு கடன் படுகிறார் என்பது விளங்கும். முதலாவது, சாப்பாடும் தண்ணீரும். இரண்டாவது, மருந்தும் மருத்துவரும். மூன்றாவது, உண்மையான செய்தி. ஏன் நிறுத்தினோம், எத்தனை நாள், அதன் பிறகு என்ன என்று சொல்ல வேண்டும். நான்காவது, மேல்தட்டுக்கு ஒரு நீதி, கீழ்த்தட்டுக்கு ஒரு நீதி என்று இல்லாதிருத்தல். இந்த நான்கும் இருந்தால் அது பாதுகாப்பு. இல்லாவிட்டால் அதற்குப் பெயர் சிறை.

மூன்றாவதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பசியைக்கூட மனிதன் பொறுத்துக்கொள்வான். 'எப்போது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாததைத்தான் பொறுக்க மாட்டான். பத்து நாள் என்று சொன்னால் ஒவ்வொரு நாளாக எண்ணிக் கழிப்பான். ஒன்றுமே சொல்லாவிட்டால் முதல் நாளிலேயே நொந்துபோவான். ஆஸ்பத்திரியிலும், அலுவலகத்திலும், பள்ளிக்கூடத்திலும் ஆட்களைக் காக்க வைக்கிறவர்கள் எல்லாரும் இதை நினைவில் வைக்க வேண்டும். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

இனி, கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். 2020-ஆம் ஆண்டின் இறுதியில், ஒப்பந்த காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கடலில் இருந்த கப்பல் தொழிலாளர்கள் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. உல்லாசப் பயணிகள் சில வாரத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். தொழிலாளர்கள் மாதக் கணக்கில் இருந்தார்கள். கூட்டாளிகள் சிரிக்கிற படத்தைப் பார்த்து அந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கப்பல் தொழிலாளர்களுக்கென்று சர்வதேசச் சட்டம் ஒன்று உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்பாடு என்று அதற்குப் பெயர். 2006-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. மாலுமிகளுக்கு மட்டுமல்ல, உல்லாசக் கப்பலில் சமைக்கிறவருக்கும் அறை துடைக்கிறவருக்கும் அது பொருந்தும். அது என்ன சொல்கிறது? வேலை வாங்கிக் கொடுக்கிறேன் என்று தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் பிரதி தொழிலாளியிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் கப்பல் உரிமையாளர் தம் செலவில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கைவிடப்பட்ட தொழிலாளர்களுக்கு உதவ முன்கூட்டியே காப்பீடு போன்ற பணப் பொறுப்பை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே பெற்றோர்களே, யாராவது வீட்டுக்கு வந்து, பத்தாயிரம் ரிங்கிட் கொடு, பிள்ளையைக் கப்பலில் சேர்த்துவிடுகிறேன் என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. தாலியை அடகு வைத்துவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை. ஒப்பந்தத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள், மகிழ்ச்சியோடு படித்துச் சொல்வோம். கப்பலின் பெயர், கம்பெனியின் பெயர், சம்பளம், எத்தனை மாதம், திரும்பும் செலவு யாருடையது, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

மாட்டிக்கொள்வது கப்பலில் மட்டும் நடப்பதில்லை. 2023 மார்ச் மாதத்தில் நம் பத்து பகாட் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. யோங் பெங் வட்டாரத்திலும் குடும்பங்கள் நிவாரண மையங்களில் நாட்கணக்கில் தங்க நேர்ந்தது. வீடு எங்கே என்று தெரியும், போக முடியாது. கப்பல்காரர்களின் நிலைதான் அது.

அப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது? நீண்ட நாள் கப்பலில் காத்திருந்தவர்களின் அனுபவம் சில பாடங்களைத் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். எழும் நேரம், சாப்பிடும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம் மாறக் கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். காலரா கப்பலில் வந்தாலும் வெள்ளத்தில் வந்தாலும் தண்ணீர் வழியாகத்தான் அதிகம் வருகிறது. கேள்விப்பட்டதையெல்லாம் பரப்பாமல், ஒருவர் அதிகாரியிடம் கேட்டு வந்து எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வயதானவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுகிறவர் யார் யார் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. 'நாளைக்குப் போய்விடலாம்' என்று தினமும் சொன்னால் மூன்றாம் நாள் அவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

'கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்பது நம் பெரியவர்கள் சொன்னது. கவலைப்பட்டு உட்கார்ந்துவிடாதே என்பது அதன் பொருள். ஆனால் அதை ஒதுங்கி இருப்பவனுக்கு மட்டும் சொல்லக் கூடாது. கரையில் இருப்பவனுக்கும் சொல்ல வேண்டும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்காதே, கையை நீட்டு என்று சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் பாட்டன் பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டோ, கப்பல் டிக்கெட்டோ, அம்மை குத்திய சீட்டோ இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எந்தத் தீவில் எத்தனை நாள் என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நாம் எப்படி இந்தக் கரையில் இறங்கினோம் என்று தெரிந்த பிள்ளை, நாளைக்கு இன்னொருவர் கரையில் இறங்கக் காத்திருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாது.